ஆல்டோ வரிசையின் குரல்

பிப்ரவரி 4

அன்புச் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். அப்பாவின் இடது காது மட்டும் அவரோடு சேர்ந்து முழு ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது இஷ்டப்பட்டால் வேலைக்கு வருகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன்னிடம் செல்லோ வாத்தியம் படிக்கிற பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களா, ஒன்றும் தெரிவதில்லை. பத்திரிகைக்கு என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அம்மாவுக்கு எழுதும்போது மட்டும் உனக்குக் கை வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாட்டுக் குழுவின் இசைத்தட்டு வந்துவிட்டது! முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்துத் தேவாலயப் பெரும்பாடல் முழுவதும், இரண்டு தட்டுகளாக, கெட்டி அட்டைப் பெட்டியில். மேலே பொன்னெழுத்தில் "இருநூறு குரல்கள்" என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற சிறு புத்தகத்தில் எல்லார் பெயரும் எறும்பு சைஸில் இருக்கிறது. என் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். பரவாயில்லை. அப்பா பூதக்கண்ணாடி வைத்து அதைக் கண்டுபிடித்து, பேனாவால் அந்த எழுத்தைச் சேர்த்துவிட்டார்.

எதிர்வீட்டம்மா வந்து, "யாரு இதுக்கெல்லாம் பெரியவரு?" என்று கேட்டாள். "எங்க கண்டக்டர்" என்றேன். "எந்த ரூட்டு?" என்றாள்.

கையசைத்து எங்களைப் பாடவைக்கிற அந்தக் கண்டக்டர் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து நின்று பேசினார். "உங்க பொண்ணு பத்திரிகையில விமர்சனம் எழுதறாங்களாமே? நம்மளதுக்கும் நாலு வரி எழுதுவாங்களா?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இது சிபாரிசு இல்லை. அவர் கேட்டார், நான் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

பெட்டி ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா


பிப்ரவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் தட்டு வருவதற்கு முன்பே எங்கள் ஆசிரியர் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டார். என் அம்மா இதில் பாடியிருக்கிறார், வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். "இருநூறு பேர்ல ஒருத்தங்கதானே, நீயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் உட்கார்ந்து கேட்டேன். அம்மா, கோபித்துக்கொள்ளாதே. இதைக் கேட்டு முடித்ததும் முகம் கழுவ வேண்டும்போல இருந்தது.

முதல் பாட்டு தொடங்குகிறது. யாரோ வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்கள் என்று நினைத்தேன். பாகில் விழுந்த ஈ மாதிரி ஒவ்வொரு சொல்லும் காலை இழுத்து இழுத்து நடக்கிறது. இதை எழுதிய மனிதர் கையில் பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் சேர்த்து முப்பது பேர் இருந்திருந்தால் அதிகம். பாதிப் பாட்டு நடன அடியில் எழுதியிருக்கிறார். கேட்டால் கால் தானாக ஆட வேண்டும். உங்கள் ஆள் அந்தக் காலில் அம்மிக்கல்லைக் கட்டிவிட்டார்.

பெரிய குழு என்பதற்காகவே நான் மூக்கைச் சுளிக்கவில்லை. பழைய பாணியில் நூற்றுக்கணக்கானவர்களை நிறுத்திப் பாடவைத்து, கேட்பவரின் முதுகுத்தண்டைச் சிலிர்க்கவைத்த பதிவுகள் உண்டு. அங்கே கூட்டத்துக்கு ஒரு மூச்சு இருக்கும். இங்கே கொழுப்புதான் இருக்கிறது. தனியாக உச்சக்குரலில் பாடும் சோப்ரானோ அம்மையார் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போவதற்குள் வழியில் நாலு கடை ஏறி இறங்குகிறார். போதாததற்கு மெஷினில் எதிரொலியைச் சேர்த்திருக்கிறார்கள். குளியலறையில் பெருங்கூட்டம் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். அட்டைப்படத்தில் உங்கள் கண்டக்டர் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கியிருக்கிறார். அதைப் பக்தி என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். எனக்குப் பல்வலி மாதிரித் தெரிந்தது.

ஒன்றே ஒன்று நன்றாக இருக்கிறது. இரண்டாம் தட்டில் அந்தத் துரத்தல் பாட்டு. ஒரு குரல் முதலில் மெட்டை எடுக்க, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு துரத்துமே, அது. ஆல்டோ வரிசைதான் தொடங்குகிறது. பெண்களின் தாழ்ந்த குரல் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு திடமாக நான் கேட்டு வெகு நாளாகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. மூன்றாவது சொல்லில் மூச்சை லேசாகத் தாங்கி விடுகிறாயே, உனக்கே உரியது அது. கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

அதை விமர்சனத்தில் கட்டாயம் எழுதுவேன். மிச்சத்தைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறேன். உனக்குச் சங்கடம் என்றால் இப்போதே சொல், தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு என் அன்பு. வலது காதில் சொல்.

உன் சிட்டு


பிப்ரவரி 24

அன்புச் சிட்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மிக்கல் விஷயத்தைப் படித்து நானும் சிரித்தேன். தாராளமாகக் கிழி. எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

ஆல்டோ பற்றி எழுதியதை மட்டும் எடுத்துவிடு. நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம்.

அப்பாவுக்கு லேசாகச் சளி. வேறு விசேஷம் இல்லை.

அம்மா


மார்ச் 3

அம்மா,

இது என்ன தந்தி மாதிரி ஒரு கடிதம்? கெட்டதையெல்லாம் எழுதலாமாம், இருக்கிற ஒரு நல்லதை எழுதக்கூடாதாம். மகள் அம்மாவைத் தூக்கிவைத்து எழுதிவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று பயப்படுகிறாயா? உன் பெயர் எங்கும் வராது. ஆல்டோ வரிசை என்றுதான் எழுதியிருக்கிறேன். நல்லதை நல்லது என்று சொல்லாவிட்டால் கெட்டதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

காரணம் சொல்லு. இல்லாவிட்டால் அந்த வரி அப்படியேதான் போகும்.

சிட்டு


மார்ச் 14

அன்புச் சிட்டுவுக்கு,

இதை எழுத உட்கார்ந்து நாலைந்து நாள் எழுந்து போய்விட்டேன். இன்று அப்பா பல்பு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும். இது உனக்கு மட்டும்.

நீ கேட்டது என் குரல் இல்லை.

பதிவின் முதல் நாள் நாங்கள்தான் பாடினோம். மாலையில் பதிவானதை அரங்கத்திலேயே பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் நின்றபடியே கேட்டோம். துரத்தல் பாட்டு வந்தது. எங்கள் வரிசை எடுத்தது. கண்டக்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "யாருப்பா அங்க பீரோவ இழுக்கறது?" என்றார். அரங்கமே சிரித்தது. ஆண்கள் வரிசை சிரித்தது, சோப்ரானோ பிள்ளைகள் சிரித்தார்கள், வயலின்காரர் ஒருவர் வில்லால் தொடையில் தட்டிச் சிரித்தார். எங்கள் வரிசையும் சிரித்தது. நானும் சிரித்தேன் சிட்டு. பல் தெரியச் சிரித்தேன்.

மறுநாள் காலை அவருடைய உதவிக்காரப் பெண் எங்களை ஓரமாகக் கூப்பிட்டாள். குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற குரல் அவளுக்கு. "அம்மாங்களா, இன்னைக்கு உங்க தொண்டைக்கு ரெஸ்ட். வாய மட்டும் அசைச்சாப் போதும். வீடியோ எடுக்கறாங்க இல்ல, உங்க முகமெல்லாம் அழகாத் தெரியணும்" என்றாள். எனக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற மருந்துக்கடைக்காரி, "அப்ப பாடறது யாரு?" என்று கேட்டாள்.

"அதுக்கு ஆள் வந்திருக்காங்க."

பக்கவாசல் வழியாக வந்தார்கள். கறுப்பு ஸ்வெட்டர் போட்ட இளம்பெண்கள், கையில் காகிதக் கோப்பையில் காப்பி. கூலிக்குப் பாடுகிறவர்கள். தப்பில்லை, அது அவர்கள் தொழில். எங்களுக்கு முன்னால் மைக்குக்கு நேராக நின்றார்கள். காமிரா அவர்கள் தலைக்கு மேலாக எங்களைப் பார்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் வாய் பிளந்தவர்களையே பார்த்தவள் நான். உள்ளேயிருந்து சத்தம் வராமல் வாயைத் திறந்து வைத்திருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றும் மறுநாளும் அந்த முகத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பிடரியில் ஒரு மச்சம் இருந்தது. அதையே பார்த்து அசைத்தேன். அவள் நன்றாகப் பாடினாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. மோசமாகப் பாடியிருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

இடைவேளையில் கழிப்பறையில் மருந்துக்கடைக்காரி திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தாள். "என்னடி ஆச்சு?" என்றேன். "வாய் நாறுது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

குரல் போய்விட்டது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு விட்டிருப்பேன். வயசானால் குரல் கரகரக்கத்தான் செய்யும். எங்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பீரோ சத்தம் என்று அவர் சொன்னதுகூடப் பொய் இல்லை, நானும் கேட்டேனே. ஆனால் குரல் வேண்டாம், முகம் வேண்டும் என்றார்கள். பெட்டியின் மேல் இருநூறு என்று போடவேண்டும் அல்லவா. அதைத்தான் என்னால் விழுங்கமுடியவில்லை.

அப்பாவுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வலது காதை அதோடு ஒட்டவைத்து உட்காருகிறார். துரத்தல் பாட்டு வந்ததும், "அதோ! நீதான்!" என்று கையைத் தட்டுகிறார். நான் அடுப்படியில் இருந்துகொண்டு, "ஆமாங்க" என்கிறேன்.

அப்பா மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உன் அம்மா


மார்ச் 20

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தேன். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவே கூசுகிறது.

என்ன பிறவி அந்த ஆள்! இசை தெரியாதவன் என்று நினைத்தேன், அதை மன்னித்துவிடலாம். உங்களையெல்லாம் ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைகள் மாதிரி நிறுத்திவிட்டு, மேலே பொன்னெழுத்தில் இருநூறு குரல்கள் என்று போட்டுக்கொள்ள எவ்வளவு தடித்த தோல் வேண்டும்? நீங்கள் அத்தனை பேரும் எப்படிச் சும்மா நின்றீர்கள்? ஒருத்திகூட "முடியாது" என்று சொல்லவில்லையா?

நானும் ஏமாந்தேன். வருஷக்கணக்காக இந்தக் காதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். எவளோ ஒருத்தியின் மூச்சைக் கேட்டுவிட்டு என் அம்மா என்று அழுதிருக்கிறேன்.

விமர்சனத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதப்போகிறேன். நடந்தது நடந்தபடி. இதை ஊருக்குச் சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் அவன் இதையே செய்வான்.

சிட்டு


மார்ச் 29

அன்புச் சிட்டுவுக்கு,

வேண்டாம்.

நான் உன்னிடம் சொன்னது என் வயிற்றில் கிடந்ததை. பத்திரிகையிடம் சொல்லவில்லை. உன் கோபம் எனக்காகவா, உன் காதுக்காகவா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருக்கலாம். அதில் தப்பில்லை.

ஒருத்திகூட ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்று கேட்கிறாய். எங்களுக்கெல்லாம் வாரத்தில் ஒரு சாயங்காலம்தான் சொந்தம். அதையும் இழந்துவிட்டுப் போய் எங்கே நிற்பது என்று நினைத்திருப்போம். மருந்துக்கடைக்காரி தன் கல்லா மேல் அந்தப் பெட்டியை நிறுத்திவைத்திருக்கிறாள். மாத்திரை வாங்க வருகிறவர்கள், "இதுல நீங்க இருக்கீங்களா?" என்று கேட்டால் தலையாட்டுகிறாள். அது பொய்தான். அந்தப் பொய்யோடு எப்படி வாழ்வது என்பது அவள் பாடு.

கண்டக்டரை என்ன வேண்டுமானாலும் எழுது. லாரி, அம்மிக்கல், ஈ, எல்லாவற்றையும் போடு, எனக்கும் மனசு குளிரும். நாங்கள் வாயசைத்த கதை மட்டும் வேண்டாம். அப்பாவுக்கு நானே சொல்கிறேன். எப்போது என்று கேட்காதே. அவர் அந்த நாற்காலியை இழுத்துப் போடுகிற உற்சாகத்தைப் பார்த்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. பத்திரிகை அவர் பெயருக்குத்தான் இங்கே வருகிறது என்பதை மறந்துவிடாதே.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அம்மா


ஏப்ரல் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எழுத முடியவில்லை. இந்த இதழில் வந்துவிட்டது அம்மா. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

நீ சொன்னபடி முதலில் இசையைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஆல்டோ வரிசை வந்ததும் பேனா நின்றுவிட்டது. நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அந்தத் திருட்டுக்கு நானும் உடந்தை. எழுதாமல் விட்டால் தெரிந்தே மறைத்தவளாகிறேன். இந்த அசிங்கத்தைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க என்னால் ஆகவில்லை. ஆசிரியர் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

உன் பெயர் எங்கும் இல்லை. "ஆல்டோ பாடகி ஒருவர்" என்றுதான் போட்டிருக்கிறேன். நீ எழுதிய சில வரிகளை அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. கழிப்பறையில் வாய் கொப்பளித்தது, குரல் வேண்டாம் முகம் வேண்டும் என்றது. படித்தவர்கள் அழுதுவிட்டோம் என்று எழுதுகிறார்கள். எத்தனையோ குழுக்களிலிருந்து, எங்களுக்கும் இப்படி நடந்தது என்று கடிதம் வருகிறது. உன்னால் எத்தனை பேருக்கு வாய் திறந்திருக்கிறது பார்.

அங்கே இதழ் தாமதமாகத்தான் வரும், அதற்குள் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. அவர் புரிந்துகொள்வார். அடுத்த மாதம் கடைசியில் வருகிறேன், நேரில் பேசலாம். என்மேல் கோபமாக இருப்பாய் என்று தெரியும். ஒரு நாள் நான் செய்தது சரி என்பாய்.

உன் சிட்டு


மே 16

சிட்டுவுக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே பத்திரிகை வந்துவிட்டது. தபால்காரரிடம் அப்பாதான் வாங்கினார். உன் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது என்று சந்தோஷமாக நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இந்த ஆல்டோ பாடகி ஒருவர்ங்கறது நீயா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப இத்தனை நாளா நான் கேட்டது யாரை?"

"தெரியலீங்க. யாரோ ஒரு பொண்ணு."

அவர் என்னைத் திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டார். எதையும் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நாற்காலி சாப்பாட்டு மேஜைக்கே திரும்பிவிட்டது.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கண்டக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதிவு என்றால் துணைக்குரல் சேர்ப்பது வழக்கம்தான் என்று செய்தித்தாளில் சொல்லிவிட்டார். என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஆட்கள் தட்டை வாங்குகிறார்களாம். கடைகளில் பெட்டி தீர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் போனேன். யாருடைய மகள் எழுதுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்போது பெயர் போடாமல் விட்டு என்ன பயன்? கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் நாற்காலியின் மேல் மருந்துக்கடைக்காரியின் கைப்பை இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "பையைக் கொஞ்சம் எடு" என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே, "வாய் நாறுதுன்னு நான் உங்கிட்டதானே சொன்னேன்? கடைக்கு வர்றவங்க எல்லாம் இப்ப என் வாயத்தான் பாக்கறாங்க" என்றாள். அந்தப் பெட்டியும் இப்போது கல்லா மேல் இல்லை. நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். இனிப் போகமாட்டேன்.

கண்டக்டர் மேல் எனக்கு இருந்த அருவருப்பு இருக்கிறது, குறையவில்லை. ஆனால் அவர் எனக்கு யாரோ. என் முகத்தை எடுத்துக்கொண்டபோது என்னைக் கேட்காமல்தான் எடுத்தார். நீ கேட்டாய். வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். பிறகும் எடுத்தாய். நேற்று மாலை உன் கட்டுரையை மறுபடி படித்தபோது, நான் அப்பா இல்லாத நேரம் பார்த்து இந்த மேஜையில் உட்கார்ந்து எழுதிய வரி அச்சில் கறுப்பாகத் தெரிந்தது. அன்று அரங்கத்தில் நாறியது போலவே வாய் நாறியது, எழுந்துபோய்க் கொப்பளித்தேன். அதை உன்னிடம் மறைக்கத் தோன்றவில்லை.

நீ செய்தது சரி என்று ஒரு நாள் சொல்வேன் என்று எழுதியிருந்தாய். சரி என்று இன்றைக்கே சொல்கிறேன். ஊருக்கு அது நல்லதாகக்கூட இருக்கலாம்.

மாதக் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வா. உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், போர்வையும் வெயிலில் காய்ந்துவிட்டது. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எத்தனை நாள் இருப்பாய் என்பதையெல்லாம் அப்பா பெயருக்கு எழுது. அவர் படித்துவிட்டு எனக்குச் சொல்லுவார்.

அம்மா